அண்ணியின் தோல் பையும் என் குண்டூசியும்

நான் தர்மபுரத்தில் வீட்டிலிருந்தே சட்டை தைப்பவள். பிரான்சிலிருந்து வந்த அண்ணியின் தோளில் தொங்கிய தோல் கைப்பையைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அதேபோல் ஒன்று தைத்தே தீருவதென்று வவுனியாவில் தோலும் வாங்கிவிட்டேன்.

அண்ணி குளிக்கப் போன நேரம், அளவுச் சட்டைக்குச் செய்வதுபோலப் பையின் மேல் பேப்பரை வைத்து, சுற்றிவரக் குண்டூசி குத்தி, அளவை வெட்டி எடுத்தேன். ஊசிகளைக் கழற்றியபோதுதான் செய்த பிழை தெரிந்தது. துணியில் குத்திய துளை மறைந்துவிடும், தோலில் மறையாது. எவ்வளவு தேய்த்தும் வரிசையாகத் துளைகள்!

தலை துவட்டியபடி வந்த அண்ணி கண்டுவிட்டார்.

"என்னப்பா இது, நீரோ குத்தினது?"

"ஓம் அண்ணி... அளவெடுக்கத்தான்."

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "பரவாயில்லை, நீரே வைச்சிரும். என்னட்டை வேற கிடக்கு."

தப்பினேன். ஆனால் அவர் சூட்கேசைத் திறந்து அதைவிட வடிவான ஒன்றை எடுத்தபோது வயிறு மறுபடி எரிந்தது.

இப்போதெல்லாம் நான் தோலில் குண்டூசி குத்துவதேயில்லை. உடுப்புக் காயப்போடும் கிளிப்பால்தான் பேப்பரைப் பிடிக்கிறேன். அண்ணி அடுத்த முறை குளிக்கப் போனபோது, அந்தப் புதுப் பையையும் அப்படித்தான் அளந்தேன்.