அத்தையிடம் சிக்காத பூனை

நான் எழுதிய முதல் கணினி விளையாட்டில் ஒரே ஒரு சதுரம்தான் இருந்தது. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் நகரும். நகர்ந்துகொண்டே போய்த் திரையைவிட்டு வெளியேறிவிடும். நில் என்று நான் எழுதியிருந்தால்தானே நிற்கும்? அந்தச் சதுரம் இந்நேரம் வடசென்னையைக் கடந்து எண்ணூரையும் தாண்டியிருக்கும்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. பள்ளியில் பைத்தான் என்ற கணினிமொழியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் சராசரியைக் கண்டுபிடி, பகா எண்ணைக் கண்டுபிடி என்றே உயிரை வாங்கினார்கள். எனக்கோ ஒன்றை ஓடவிட வேண்டும், இன்னொன்றை விரட்டவிட வேண்டும். அண்ணன் கழித்துப்போட்ட மடிக்கணினி இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும் என்பதால், சுவரோரமே குடியிருந்தேன்.

யாரை யார் விரட்டுவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த என் அத்தை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்பவள். அவளுக்கும் எங்கள் தெருவின் சாம்பல் பூனைக்கும் தீராத பகை. அத்தையைச் சிவப்புக் கட்டமாக்கி, தலையில் ஒரு கொண்டை வைத்தேன். ஆடுபவர் பூனை, மீனைத் திருடிக்கொண்டு தப்ப வேண்டும். சிக்கினால் அத்தை திட்டும் குரல் கேட்கும். அந்தக் குரலை மாடிப்படியில் ஒளிந்திருந்து அம்மாவின் போனில் பிடித்தேன்.

தெருப் பிள்ளைகளெல்லாம் எங்கள் வீட்டில் வந்து விழுந்தார்கள். பூனை தப்புவதைவிடச் சிக்குவதைத்தான் விரும்பினார்கள். திட்டு கேட்க வேண்டுமே!

அது மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறந்துவிட்டேன். வியாபாரம் மந்தமானதால் அத்தை ஒருநாள் சீக்கிரமே வீடு திரும்பியிருக்கிறாள். "ஏய் கஸ்மாலம்! காலை ஒட்ச்சிடுவேன்!" என்று மேலே யாரோ கூவுவது கேட்டதும் படியேறி வந்துவிட்டாள்.

"நான் கீய கீறேன், என் கொரலு மேல கூவிக்கினு கீதே! இன்னாடி இது?"

பிள்ளைகள் அவள் கைக்கு அடியில் புகுந்து ஓடிப்போனார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை திரையருகே குனிந்தாள்.

"இந்தச் செவப்பு டப்பாதான் நானா?"

"ஆமா அத்த."

"என் கொண்ட இம்மாம் பெர்சாவா கீது?"

அறை விழும் என்று கண்ணை மூடினேன். அவளோ உட்கார்ந்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டாள். ஆடத் தொடங்கியதுமே சிக்கினாள். கணினி அவள் குரலிலேயே அவளைத் திட்டியது. "யாரப் பாத்து கஸ்மாலன்ற?" என்று திரையைப் பார்த்துச் சீறினாள். சற்று நேரத்தில் முழுக்கப் பூனையின் கட்சிக்குப் போய்விட்டாள். "ஓடு, ஓடு, அந்தப் பொம்பள வர்றா பாரு!"

எழுந்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். "நான் ஒருத்திதான் கெட்டவளா? எம்பக்கத்துல மீன் கூடய வெச்சிக்கினு குந்துறாளே, அவளயும் போடு."

அந்தப் பக்கத்துக்கூடைக்காரியும் அத்தையும் இடத்தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அத்தைக்கு எழுதிய வரிகளை அப்படியே நகலெடுத்து, நிறத்தைப் பச்சையாக்கி, சற்றுத் தள்ளி வரையச் சொன்னேன். இடத்தைக் குறிக்கும் பெயரை மாற்ற மறந்ததில், அத்தையின் இடத்தை வைத்தே இவளும் நகர்ந்தாள். ஓடவிட்டால், இருவரும் தோளோடு தோள் உரச ஒன்றாக நடக்கிறார்கள், ஒன்றாகத் திரும்புகிறார்கள்.

"அய்ய! இவளோட ஜோடி போட்டுக்கினு நான் ஏன் நடக்கணும்?" என்றாள் அத்தை.

பிள்ளைகள் வாயிலாகச் செய்தி பரவி, மறுநாள் அந்த அம்மாளே வந்து நின்றாள். அத்தையும் அங்கே இருந்தாள். பச்சையும் சிவப்பும் சேர்ந்து பூனையை மூலையில் மடக்குவதை இருவரும் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் கீது," என்றாள் வந்தவள் என்னிடம். "ஆனா இவ கூடவே நான் ஏன் போணும்? நான் முன்ன போணும்."

"வேகமா போனா அவளுக்கு மூச்சு வாங்கும்னு சொல்லு," என்றாள் அத்தையும் என்னிடமே.

அன்றுதான் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம், தனித்தனி வேகம் என்று பெயர் வைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றதை ஒழுங்காகவா பயன்படுத்தினேன்? அத்தையிடம் "உன்னத்தான் வேகமா வெச்சிருக்கேன்" என்றேன். மற்றவளிடமும் ரகசியமாக அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் வேகத்தை ஏற்றியதில் பூனையால் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. பிள்ளைகள் கோபித்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள்.

பூனையைக் கணினியே ஓட்டட்டும், பெண்கள் இருவரும் அவரவரை ஓட்டட்டும் என்று மாற்றினேன். ஒரே விசைப்பலகையில் இரண்டு பேரின் விரல்களும் மோதின. திரையிலும் இருவரும் முட்டிக்கொண்டார்கள். பூனை நடுவில் புகுந்து போனது.

"வலது பக்கம் மடக்குடின்னா இன்னா பண்ற?"

"நீ வயி வுட்டாத்தானே போவேன்!"

அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை அவர்களே கவனிக்கவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய காலையில், மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனேன். கூடைகளுக்குப் பின்னாலிருந்து இருவரும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர்கள் பார்வை, தொலைவில் மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்த ஏலக்காரர் மேலிருந்தது.

"அடுத்து அந்தாளப் போடு," என்றாள் பக்கத்துக்கூடைக்காரி.

"கொரலு வேணுமே," என்றேன்.

அத்தை என் கையிலிருந்த அம்மாவின் போனைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல அவரை நோக்கி நடந்தாள்.