பொத்தானை மட்டும் மறைத்தேன்

கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகத்தில் நான் இருக்கும் குழுவுக்கு மியூசியம் என்று பெயர். ஜாவாவில் எழுதினால் அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி பிரவுசருக்கு அனுப்பும் ஒரு பழைய கருவியில் கட்டிய ஆஸ்பத்திரி மென்பொருள் ஒன்றை நாங்கள் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைத் தொடப் பயப்படுவார்கள். என்னிடம் கேள்வி கேட்கவும் பயப்படுவார்கள், எனக்கு முன்கோபம் என்று யாரோ முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். பொய்யில்லை.

அந்தக் கருவியின் சௌகரியமே ஒரே மொழி என்பதுதான். ஆஸ்பத்திரியின் சர்வரில் ஓடுகிற பாதியும் ஜாவா, பார்ப்பவரின் பிரவுசரில் ஓடுகிற பாதியும் எழுதும்போது ஜாவா. ஆனால் பிரவுசர் பாதி நம் கையில் இல்லை. அங்கே எதை மறைத்தாலும் ஒப்புக்கு மறைத்ததுதான். 'இவருக்கு அனுமதி உண்டா' என்ற கேள்வியை சர்வர்தான் கேட்க வேண்டும். இதைப் புதியவர்களுக்கு நானே போர்டில் எழுதிக் காட்டியிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன்.

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒரு இளம்பெண்ணின் லேப் ரிப்போர்ட் வெளியே தெரிந்துவிட்டது. என்ன ரிப்போர்ட் என்று இங்கே எழுத மாட்டேன், போதுமான பேர் படித்துவிட்டார்கள். அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. எங்கள் மென்பொருள் எந்த கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் திறந்தது என்று மட்டும் குறித்து வைக்கும், யார் திறந்தார்கள் என்று குறிக்காது. குறிப்பில் இருந்தது பதிவு கவுன்டர் கம்ப்யூட்டர். அங்கே உட்காரும் பெண், அந்த இளம்பெண்ணுக்கு இரண்டு வீடு தள்ளி, கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருப்பவள். முடிச்சுப் போட வேறென்ன வேண்டும்?

நான் போனபோது அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். என் மலையாளத்தைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"மேடம் தமிழாக்கும், அல்லே? நீங்களாவது கேளுங்க. நான் யாரு பாஸ்வேர்டும் எடுக்கல. அந்தப் பிள்ளையோட நம்பர தேடுற கட்டத்துல அடிக்கதுக்குப் பதிலா தெரியாம மேல அட்ரஸ் கட்டத்துல அடிச்சிட்டேன். பழைய அட்ரஸ் ஒண்ணு தானா வந்து நின்னுது. எண்டர் தட்டினேன், ரிப்போர்ட் தொறந்துது. கண்டதும் மூடிட்டேன், கேட்டோ. ஒருத்தர்ட்டயும் சொல்லல."

நான் அவளுடைய லாகினில் நுழைந்து பார்த்தேன். ரிப்போர்ட் பொத்தானே இல்லை. லேப்டாப்பில் நிரலைத் திறந்தேன். லேப் ஊழியராக இருந்தால் மட்டும் பொத்தானைக் காட்டு என்று ஐந்து வரி ஜாவா, சுத்தமாக இருந்தது. முதல் வருஷத்தில் நானே எழுதியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சொன்னபடி அட்ரஸ் கட்டத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. கம்ப்யூட்டர் தானாகத் திறந்தது என்று சொல்லாதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதுதான் காரணம்.

"கவுன்டர் லாகினில் இந்தப் பக்கம் திறக்க வழியே இல்லை" என்று ஒரு வரி மெயில் அனுப்பினேன். அப்படியானால் அவள் லேப் ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டைத் திருடியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்த வாரமே வேலை போயிற்று. மொத்தம் பத்து நிமிஷம் செலவழித்தேன். பிறகு ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டேன், மீன் குழம்பு நன்றாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேறொரு பிழை வந்தது. அந்தக் கருவி ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும்போது பெயர்களையெல்லாம் ஓரெழுத்து ஈரெழுத்தாகச் சுருக்கிவிடும். பிழை வந்தால் கிடைப்பது அந்த எழுத்துக் குப்பைதான். எந்த எழுத்து எந்தப் பெயர் என்று சொல்லும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். அப்படிப் போனதில் என் ஐந்து வரி இருந்த கோப்பில் போய் நின்றேன். இந்த முறைதான் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்தேன். பிரவுசர் பாதியில் இருந்தது. சர்வர் பாதியில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது.

சோதனை சர்வரில் கவுன்டர் லாகினோடு நுழைந்து, ஒரு ரிப்போர்ட்டின் முழு அட்ரஸை மேலே ஒட்டினேன். திறந்தது. முன்பு லேப் ஊழியர் யாரோ அந்த கவுன்டர் கம்ப்யூட்டரில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறார். பிரவுசர் அட்ரஸை நினைவில் வைத்திருந்து அவளுக்கு நீட்டியிருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. 

சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை. டீம் லீடிடம் போய், ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும் என்றேன். என்னைவிடச் சின்னவர், நல்ல பையன்தான். "ஃபிக்ஸ் செய்தல்லோ சேச்சி. பின்னே எந்தினா மெயில்?" என்றார், சரிசெய்த பிறகு மெயில் எதற்கு என்று. வெளியீட்டுக் குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று போட்டார். நான் மெயிலை அனுப்பிவிட்டு, அனுப்பியதை அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி நன்றி சொல்லி எழுதியது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்று கடைசி வரியில் இருந்தது.

கவுன்டரில் விசாரித்து, அவள் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த குக்கர் மூடியைத் துடைத்து முடித்து அடுக்கினாள்.

"வேல போனா போட்டு மேடம். அந்தப் பிள்ளையோட அம்ம என்னக் கண்டா கதவ சாத்துதா. தெருவுல ஒருத்தரும் மிண்ட மாட்டேங்காங்க, ஒரு பேச்சு கெடையாது. எங்கூட வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

அன்று சாயங்காலமே போனோம். அம்மாக்காரி வாசலில் நின்றபடியே கேட்டாள். தப்பு மென்பொருளில், அதாவது என்னிடம் என்றேன். இவர் யாருடைய பாஸ்வேர்டையும் எடுக்கவில்லை, கைதவறித் திறந்துவிட்டது என்றேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள்.

"அப்போ வேற யாரெல்லாம் பாத்திருப்பாங்க?" என்றாள் அம்மாக்காரி.

"ஆஸ்பத்திரில லாகின் இருக்கிற யார் வேணும்னாலும் பாத்திருக்கலாம்."

"எத்தன பேரு?"

"தெரியாதும்மா."

"எத்தன நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நீ உள்ள வா" என்றாள். கவுன்டர் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். நானும் கழற்றக் குனிந்தேன்.

"நீங்க போங்க."

கிழக்கேகோட்டை பஸ் நிலையம் வரை நடந்தேன். உண்மையைச் சொல்லவந்த நல்லவள் என்றுதான் அந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்கிறேன், ஒரு நன்றிகூட எதிர்பார்த்திருக்கிறேன். ஒருத்தி பார்த்துவிட்டாள் என்ற அளவிலாவது நின்றிருந்த அந்த இளம்பெண்ணின் துக்கத்தை, எத்தனை பேர் என்றே தெரியாததாக ஆக்கிவிட்டு வந்திருந்தேன். அதற்கு நான் இன்றுவரை எண்ணிக்கை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.