கண்டியில் ஃபொன்ட்டோடு பட்ட பாடு

தமிழில் டைப் செட்டிங் செய்து பிழைப்பவருக்கு எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. நமக்குத் தெரியும் எழுத்து அடுத்த கம்ப்யூட்டருக்கும் தெரியுமா என்ற கவலையும் வேண்டும். கண்டி டவுனில் ஒரு மாடிக் கடையில் பல வருடமாக இந்தக் கவலையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் டைப் செய்து பக்கம் அமைத்துக் கொடுப்பது நான். அச்சடிப்பது இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிரஸ். இதே தொழிலில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள் என்று தெரியும்.

இது என்ன பாஷை?

நம்முடைய பழைய தமிழ் ஃபொன்ட்டுகளின் குணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்து குடியிருக்கும். அந்த ஃபொன்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் தமிழ் காலி செய்துகொண்டு போய்விடும். ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் மட்டும் மிஞ்சும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோயில் நோட்டீஸை பென் டிரைவில் போட்டு, ஃபொன்ட்டைப் போட மறந்து பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே மெஷின் ஓட்டும் சுனில் சிங்களவர். எனக்கு அவர் 'அய்யே', அதாவது அண்ணன்; அவருக்கு நான் 'நங்கி', தங்கச்சி. தமிழ் பேச வரும், படிக்க வராது. முதல் தாளைப் பார்த்தவர் மெஷினை நிறுத்திவிட்டு எனக்கு போன் எடுத்தார்.

"நங்கி, எனக்கு தமிழ் படிக்க தெரியாது. ஆனா இது தமிழ் இல்லைன்னு எனக்கே தெரியுது."

பூ எழுத்து

மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் கடை வாசலில் கட்டப் பெனர் அடிக்க வந்தார். என்னிடம் இருந்த எல்லா ஃபொன்ட்டையும் திரையில் ஓடவிட்டுப் பார்த்து, கொடியும் இலையுமாகச் சுருண்டு கிடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கல்யாணக் கார்டில் மணமகள் பெயருக்கு மட்டும் போடுகிற எழுத்து அது. தூரத்தில் நின்றால் வாசிக்க முடியாது என்று மூன்று தரம் சொன்னேன். வடிவாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். வாடிக்கையாளரோடு மல்லுக்கட்ட முடியுமா? போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

"மகள், எழுத்து நல்ல வடிவாத்தான் ஈக்கிது. ஆனா பஸ்ஸால எறங்குற ஆக்களெல்லாம் இது என்ன கடை எண்டு கேக்குறாங்க, நான்தான் வெளிய நிண்டு செல்லிக்கிட்டு ஈக்கிறேன்."

தாய்மாமனைக் காணோம்

நோட்டீஸில் பட்ட அவமானத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஃபைலை அனுப்புமுன் எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிடுவேன். 'கேர்வ் போடுவது' என்போம். கேர்வ் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து மாறாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவும் முடியாது. புசல்லாவை பார்வதி அக்கா மகளின் கல்யாணக் கார்டுக்கு வந்தபோது, ஐயர் முகூர்த்த நேரத்தைக் குறித்துக் கொடுத்திருக்கவில்லை. இலக்கம்தானே, சுனில் அய்யே பிரஸ்ஸிலேயே போட்டுவிடுவார் என்று கேர்வ் போடாமல், ஃபொன்ட்டையும் சேர்த்து அனுப்பினேன்.

பிரஸ் கம்ப்யூட்டரில் அதே பெயரில் வேறொரு ஃபொன்ட் ஏற்கெனவே இருந்திருக்கிறது. எழுத்து ஒரு நூல் அகலம் கூட. அழைப்போர் பெயர்கள் இருந்த கட்டம் நிரம்பி, கடைசி வரி உள்ளே ஒளிந்துகொண்டது. சுனில் அய்யே போனில் அனுப்பிய படத்தில் திகதி, நேரம், மண்டபம், மணமக்கள் பெயர் எல்லாம் பார்த்து "சரி, அடிங்க" என்று சொன்னவள் நான்தான். கடைசி வரியில் இருந்தவர் பெண்ணின் தாய்மாமன் ராமையா. கௌரவமாகத் தனி வரியில் போடச் சொன்னது அக்கா.

கார்டெல்லாம் கொடுத்து முடித்த பிறகு விஷயம் வெடித்தது. சீர் கொண்டுவந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர், கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். புருஷனை இழந்த அக்காவுக்கு முன்னால் நின்று நடத்த வேறு ஆளில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கடைக் கதிரையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் அவன் பேர எடுக்கச் சொன்னேன்னு நெனைக்கிறான் தங்கச்சி. மிசின் எடுத்துருச்சின்னு சொன்னா யாரு நம்புவா?"

அழைக்கிறவர் யார்?

அன்றைக்கே கேர்வ் போட்டு, திருத்திய கார்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அக்காவோடு புசல்லாவை பஸ் ஏறினேன். ராமையா அண்ணன் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டுகிறார். பிழை என்னுடையது, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஃபொன்ட், கட்டம், அகலம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஊருக்கெல்லாம் குடுத்த கார்டுல நான் இல்ல. எனக்குக் கொண்டாந்த கார்டுல மட்டும் இருக்கேன். அப்ப என்னைய நானே கூப்பிட்டுக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். மறுநாள் எல்லாக் கார்டையும் புதிதாக அடித்து, இரண்டு கட்டாகத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். வீடு வீடாகக் கொடுத்து நானே மன்னிப்புக் கேட்கப் போவதாக அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கட்டைப் பிரித்து ஒரு கார்டை எடுத்தார். தன் பெயரை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். உள்ளே போனவர், வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு கட்டையும் என் கையிலிருந்து வாங்கினார். அக்கா அழுதுவிட்டார், நானும்தான்.

"நீங்க ஏங்க வீடு வீடா போறீங்க? அழைக்கிறவன் நான், நானே குடுக்கிறேன். இந்தாங்க, ஒங்களுக்கும் ஒன்னு. குடும்பத்தோட வந்துருங்க."

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணக் கார்டையும் நான் சொந்தக்காரர் பட்டியலிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். மணமக்கள் பெயரில் ஏதும் பிழை இருந்தாலும் அவர்கள் எப்படியும் கல்யாணத்துக்கு வந்துவிடுவார்கள்.