வட்டைக்குப் போக வேண்டிய கிரவல்

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பிரதேச சபைக்கு எழுதுவினைஞராக வந்தேன். வந்த மூன்றாவது வாரம் நான் விட்ட பிழை இது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தவமணி அக்கா நான்கு முறை தெரிவான உறுப்பினர். முன்மொழிவுகளை எழுதித் தரமாட்டார். கையில் குடையோடு என் மேசைக்கு முன் நின்று வேகமாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். அன்று சொன்னது: "வெள்ளாமை வெட்டுக்கு முதல் வட்டைப் பாதைக்குக் கிரவல் போடோணும்."

கிரவல் என்றால் பாதைக்குப் போடும் சரளை மண், அது தெரியும். வட்டை என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. இங்கே வயல்வெளிக்கு அந்தப் பெயர்; எங்கள் பக்கம் வயல்வெளி என்றே சொல்வோம். அவசரத்தில் 'வட்டாரம்' என்பதில் பாதியை விழுங்கிவிட்டார் என்று நினைத்து, 'வட்டாரப் பாதை' என்று திருத்தித் தட்டச்சு செய்தேன். வெள்ளாமை வெட்டு, அதாவது அறுவடை, என்றதையாவது யோசித்திருக்கலாம். அவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். சபையும் நிறைவேற்றியது.

சபையின் வீதிப் பட்டியலில் அந்தப் பெயரில் ஒரு பாதை இருந்தது. அது அக்காவின் வீட்டு வாசலால் போகும் குறுகிய ஒழுங்கை.

டிப்பர்கள் வந்து அங்கே கிரவலைக் குவித்துவிட்டுப் போயின. வயல் பாதை சேறாகவே கிடந்தது. கதிர் முற்றி, தன் பாரத்தில் தானே சாய்ந்து, மழைக்கும், சேற்றில் வர முடியாத அறுவடை மெசினுக்கும் நடுவில் நின்றது. தேர்தலும் பக்கத்தில்.

விவசாயிகள் சபைக்கே வந்தார்கள். கந்தப்போடி என்பவர் சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்: "மெம்பர், மெசின உங்கட வாசலுக்கு அனுப்பட்டா? வெள்ளாமை இப்ப அங்கயா விளையுது?"

அக்கா தீர்மானக் கோப்பைக் கேட்டு வாங்கி வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். மாற்றியது நான்தான், வட்டை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்றேன். யாரோ சிரித்தார்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே," என்றார் அக்கா. "வாசிக்காமக் கையெழுத்து வெச்சது நான். கிரவல அள்ளி வட்டைக்குக் கொண்டு போங்க."

தீர்மானம் திருத்தப்பட்டது. பெக்கோ இயந்திரம் வந்து அள்ளியது. அள்ளியபோது ஒழுங்கையின் பழைய மண்ணும் சேர்ந்து போனது. மெசின் வயலில் இறங்கியது.

ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் மறக்கவில்லை. வாசலுக்கு வந்த கிரவலைத் திருப்பி அனுப்பினவ என்று பேச்சு. அக்காவுக்கு வாக்குப் போட வேண்டியவர்கள் அவர்கள்தான். வயல்காரரில் பாதிப்பேர் வேறு வட்டாரத்து வாக்காளர்கள். அக்கா தோற்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பொதுமக்கள் வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தார். ஒழுங்கை மழையில் குழியாகிவிட்டது, மனு எழுத வேண்டும் என்றார். சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு சொல்லையும் உரக்க வாசித்துக் காட்டினேன். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான். தெரியாத சொல் வந்தால் கேட்கிறேன், திருத்துவதில்லை.

அக்கா தாளை வாங்கித் தானும் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார், திரும்பாமல். பிறகுதான் கையெழுத்து வைத்தார்.