மயில்துத்தம் கலந்த மலை

எண்பதுகளின் கடைசியில் நானும் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த என் நண்பனும் ஒரு பிளைவுட் பலகையில் போர்க்களம் கட்டினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்களை அதில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். பச்சைச் சாயத்தில் தோய்த்த கழிவுப் பஞ்சுதான் மரங்கள். பேண்டேஜ் துணியை மைதாப் பசையில் முக்கிக் காகித உருண்டைகள் மேல் போர்த்தினால் மலை. எந்த நாட்டுச் சண்டையானாலும், எங்கள் ஊரில் இருப்பது போலவே மலை மேற்கில்தான் இருக்கும். வேறு பக்கம் வைக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஐப்பசி மழையில் எலி வந்து மலையைத் தின்றுவிடும். வருஷம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மறுபடி ஒட்டுவோம். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏலே, புத்தகம் பைண்டிங் பண்றவங்க மாதிரி பசையில மயில்துத்தம் கலப்போம். எலி வாயே வைக்காது" என்றேன்.

"சும்மா கெட. எலி திங்கலைன்னா பொறவு நாம எதுக்குக் கூடுறது?" என்று சிரித்தான்.

கல்யாணமானதும் அவன் வடக்கே ஒரு மில்லுக்குப் போய்விட்டான். அந்த மழைக்கும் எலி தின்றது. கோபத்தில் துத்தம் கலந்து நான் ஒருவனே ஒட்டி முடித்தேன்.

இப்போதும் அவன் ஊருக்கு வரும்போதெல்லாம், "வாலே, மலை கெட்டுக் கெடக்கு" என்று கூப்பிட ஆசையாக இருக்கும். பலகையை இறக்கி, எலிப்பல் பட்ட இடம் ஒன்றாவது இருக்காதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். மலை கல் மாதிரி இருக்கும்.