பண்டத்தரிப்புக்குப் போகாத மணவறை

அன்று மின்சாரம் போகவில்லை. என் மகளின் கணினியை அணைத்தவன் நான்... என் கையால், பட்டப்பகலில்!

அணைத்தவன் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். வாடகைக் கதிரைகளைச் சைக்கிளில் கட்டி உழக்கியவன். யுத்த இடப்பெயர்வில் எல்லாம் இழந்து திரும்பி, மருதனார்மடத்தில் ஒரு தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கியவன். பந்தல், பாத்திரம், சோடனை, மணமக்கள் அமரக் கழற்றிப் பூட்டும் மூன்று மணவறைகள்... யார் உதவினார்கள்? ஒருவருமில்லை! எந்த முகூர்த்தத்துக்கு எந்த வீட்டில் எந்த மணவறை என்று ஒருநாளும் நான் எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள். என்னைக் கேட்டுத்தான் ஊர் நாள் வைத்தது.

மகள் சுபாங்கி கணினி படித்துவிட்டு வந்தாள். ஜாவாவில் ஓர் இணையச் செயலி எழுதிக் கடைக் கணினியில் ஓடவிட்டாள். கனடாவில் இருப்பவரும் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, படம் பார்த்து, மணவறையைப் பதிந்துகொள்ளலாம்.

“அண்ணை, உங்களை ஏன் கரைச்சல்படுத்துவான்? தங்கச்சியின்ரை பக்கத்திலையே பதிஞ்சிட்டம்” என்றார்கள் ஊரார்.

தேநீர்க்கடைக்காரன் சிரித்தான். “ஓய், இப்ப கடைக்கு முதலாளி ஆர்? மகளோ, அவவின்ரை பெட்டியோ?”

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது... பெற்ற மகள் மீது பொறாமைப்படும் தகப்பனைக் கண்டிருக்கிறீர்களா? இதோ, காணுங்கள்!

ஒரு மதியம் அவள் தோழியோடு தொலைபேசியில் கதைத்தாள். “டேட்டாபேஸுக்கெண்டு வேறை சேர்வர் இல்லையடி. செயலிக்குள்ளையே அதையும் வைச்சிட்டன். இப்ப மெமரியிலை மட்டும்தான் கிடக்குது, நிப்பாட்டினால் எல்லாம் போயிடும். சோதிச்சுப் பாக்கத்தான் அப்பிடி வைச்சனான், அதுக்கிடையிலை சனம் பதியத் தொடங்கியிட்டுது. பின்னேரம் பைலுக்கு மாத்திப்போடுவன்.”

பிறகு என்னிடம் சொன்னாள்: “அப்பா, உதிலை கை வைச்சிடாதேங்கோ. சாப்பிட்டிட்டு வாறன்.”

எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதி போதுமாயிருந்தது. அந்தப் பெட்டியும் என்னைப் போலவே எழுதாமல் தலைக்குள் வைத்திருக்கிறதாம்! அப்படியானால் நான் எதற்கு?

சுவிச்சை அமர்த்தினேன்.

“கரண்ட் நிண்டு போட்டுது பிள்ளை” என்றேன், அவள் திரும்பி வந்ததும். அவள் முகம் வெளிறியது. “பயப்படாதை. அப்பா சொல்லுறன், நீ அடி.”

ஆவணி மாதத்து முகூர்த்தங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவள் தட்டச்சுச் செய்துகொண்டே வியந்தாள். “அப்பா, உங்கடை தலைதான் உண்மையான டேட்டாபேஸ்!” ஆகா... அந்த ஒரு பின்னேரம் நான் அரசன்!

ஆனால் என்னிடம் வந்து சொன்னவர்கள் மட்டுமே என் தலைக்குள் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து நேரே பக்கத்தில் பதிந்தவர்களை எனக்கு எப்படித் தெரியும்? அதை அப்போது நினைத்தேனா? நினைக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்... நீங்கள் நம்புவீர்களா?

பதிந்தவர்களில் மற்றவர்கள் தொலைபேசி எடுத்து விசாரித்தார்கள், சமாளித்தோம். கனடாக் குடும்பம் ஒன்று மட்டும் அப்படி விசாரிக்கவில்லை. பண்டத்தரிப்பு ஊரில் அவர்கள் மகளின் கலியாண நாளன்று மணவறைகள் மூன்றும் வேறு வீடுகளில் நின்றன. மணப்பெண் கூறைச்சேலையோடு காத்திருக்க, இரண்டு கதிரைகளுக்குச் சேலை சுற்றி வைத்தோம்.

“கொம்பியூட்டரை நம்பி என்ரை பிள்ளையைச் சபையிலை வெக்கப்பட வைச்சிட்டியேடி!” என்று மணப்பெண்ணின் தாய் கத்தினார்.

“என்ரை பிழைதான் அம்மா” என்றாள் சுபாங்கி.

பக்கத்தில் நின்ற நான் சால்வையைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன்!

கணினி அணைந்த அன்றிரவே, இனி அழியாதபடி எல்லாவற்றையும் அவள் பைலுக்கு மாற்றியிருந்தாள். அந்தக் கலியாணத்துக்குப் பின் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி எழுதினாள்: “நடந்த தவறு முழுவதும் என்னுடையது – சுபாங்கி.” கொழும்பில் கிடைத்த வேலையையும் விட்டுவிட்டாள். “என்னை நம்பி இனி ஆர் என்னத்தைத் தருவினம்?” என்கிறாள்.

அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு என்ன வருகிறது தெரியுமா? கண்ணீரென்று நினைக்காதீர்கள். பொறாமை! நான் செய்ததன் கீழும் அவள் பெயரா?

அவளிடம் சொல்ல இன்றும் நா எழவில்லை... உங்களிடம் கேட்கிறேன். மூன்று மணவறைகளையும் கட்டியவன் நான். அந்த முகூர்த்தத்தைக் கெடுத்தவனும் நான். அந்த வரியில் அவள் பெயரை அழியுங்கள். அந்த இடம் எனக்குரியது. என் பெயரைப் போடுங்கள்!