மாட்டை உறங்கவைத்த குழல்

மனிதகுலம் சுமந்துவரும் பெரும்பிழை ஒன்றை முதலில் திருத்திவிடுகிறேன்: மயக்க ஊசியை ஊதியதும் மாடு விழாது. பத்து நிமிடமாவது ஆகும். யோங் பெங்கில் கால்நடை மருத்துவர் ஒருவரின் உதவியாளன் நான். கிட்டே போகமுடியாத மிருகங்களுக்கு டாக்டர் ஊசியில் மருந்து நிரப்பித் தருவார். அதை நீண்ட குழலில் வைத்து ஊதுவது என் வேலை. செய்த வேலைக்குப் பெயர் வாங்காத அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

தேநீர்க்கடை

காஹாங் போகும் வழியில், ஆயர் ஈத்தாமில் தேநீருக்கு நிறுத்தினோம். கடைக்கார பாய் வண்டியிலிருந்த குழலைத் தடவிப் பார்த்தார். காட்டில் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் இதைப்போன்ற குழலால் வேட்டையாடுவதையும், பத்தர் சிறுகுழலால் சுடரை ஊதி நகையைப் பற்றவைப்பதையும், அடுப்பூதும் குழல் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்பதையும் முறையாக விளக்கினேன். தேநீர் ஆறிவிட்டது. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சரி தம்பி, மாங்கா பறிக்க எட்டுமா?"

கோயில் காளை

காஹாங் கோயில் காளையின் முன்னங்காலில் முள்கம்பி இறுகிச் சீழ் பிடித்திருந்தது. எடுக்காவிட்டால் கால் போகும், காலோடு காளையும் போகும் என்றார் டாக்டர். தீனி போட்டு வளர்த்த சரோஜா அக்காவையே அது முட்ட வந்ததாம். அழுத முகத்தோடு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பூசைக்கு வாசிக்க வந்திருந்த நாதஸ்வரக்காரரைக் கைகாட்டினார்: "டாக்டர், இந்தத் தம்பி ரொம்ப ஒல்லி லா. மூச்சுன்னா அண்ணனுக்குத்தான், அவரே ஊதட்டுமே!"

பத்து நிமிடம்

நானேதான் ஊதினேன். ஊசி தொடையில் தைத்தது. காளை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நின்றது, நின்றுகொண்டே இருந்தது. "அலமாக், விழலையே!" என்று கூட்டம் முணுமுணுத்தது. சத்தம் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டேன். நாதஸ்வரக்காரர் அதைத் தமக்கு வந்த வேண்டுகோளாக ஏற்று, தாலாட்டுக்குரிய நீலாம்பரியை வாசிக்கத் தொடங்கினார். மருந்து வேலைசெய்யவேண்டிய நேரத்தில் வேலைசெய்தது. காளை மெல்ல மடிந்து படுத்தது. டாக்டர் கம்பியை எடுத்துக் காயத்துக்குக் கட்டுப்போட்டார். கால் பிழைத்தது. சரோஜா அக்கா ஓடிப்போய் நாதஸ்வரக்காரரின் காலில் விழுந்தார்: "அண்ணே, என் புள்ளைய காப்பாத்திட்டீங்க!"

அழைப்பு

போன மாதம் குளுவாங் பக்கம் எருமை ஒன்று மிரண்டு ஓடியது. ஆட்கள் கூப்பிட்டது எங்களை அல்ல, அவரை. நல்ல மனிதர், உடனே எனக்குப் போன் செய்தார்: "தம்பி, நான் முன்னால நின்னு வாசிக்கிறேன். நீங்க பின்னாலேர்ந்து சத்தமில்லாம ஊதிடுங்க."

இப்போது டாக்டரின் வண்டியில் முன்னிருக்கை அவருக்கு. குழலும் நானும் பின்னால்.